கடலூரில் மாமன்றம் கூடுகிறது, புதுச்சேரியில் நகர்மன்றமே இல்லை: உள்ளாட்சித் தேர்தல் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலையில் இங்கிருந்து அங்கே வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர்கள் ஏராளம். இரண்டு ஊர்களிலும் உறவுகள் இருப்பதால், ஓர் ஊரின் நகராட்சி நடைமுறையை மற்ற ஊரின் கணக்கில் புரிந்துகொள்வது இங்கே வாடிக்கை. ஆனால் ஒரு பக்கம் 45 உறுப்பினர்கள் கொண்ட மாமன்றம் இருக்கிறது. மறுபக்கம் 2011-க்குப் பிறகு ஒரு நகர்மன்ற உறுப்பினர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. இந்த வேறுபாட்டை ஒட்டி அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

கடலூர் எப்போது மாநகராட்சி ஆனது? வீட்டு வரி ஏறியது அதனால்தானா?

கடலூர் நகராட்சி 1866-இல் அமைக்கப்பட்டது. மாகாணத்தின் மிகப் பழைய நகராட்சிகளுள் அதுவும் ஒன்று. 2021-இல் அது மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. மாநகராட்சியான பின் நடந்த முதல் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று, தமிழகத்தின் மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளோடு சேர்த்தே நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகராட்சி எல்லைக்குள் 1,73,636 பேர் இருந்தார்கள் என்பதால், சராசரியாக ஒரு வார்டுக்கு நாலாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது.

வரி விஷயத்தில் ஊருக்குள் உலவும் கருத்து தவறானது. 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வில், சென்னை நீங்கலாகப் பிற மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் குடியிருப்புகளைப் பொறுத்தவரை ஒரே விகிதம்தான் வகுக்கப்பட்டது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். கடலூர் நகராட்சியாகவே நீடித்திருந்தாலும் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு இதே உயர்வுதான் வந்திருக்கும். மாநிலங்கள் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலப் பொருளாதார வளர்ச்சியை ஒட்டி அதை உயர்த்தி வந்தால்தான் நகர்ப்புற மானியம் என்று 15-வது மத்திய நிதிக்குழு விதித்த நிபந்தனை இதற்குப் பின்னால் இருந்த காரணங்களுள் ஒன்று. மன்றங்கள் பதவியேற்ற சில வாரங்களிலேயே இந்த உயர்வை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றும் நிலைக்குத் தள்ளப்பட்டன. வரியை விதிப்பது மன்றம்தான் என்று சட்டம் சொன்னாலும், எவ்வளவு என்பதை முடிவு செய்யும் இடம் பெரும்பாலும் வேறாக இருக்கிறது.

மேயரை நாம் ஏன் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை?

தமிழ்நாட்டில் இது நிலையாக நின்ற விதியே அன்று. 1996-இலும் 2001-இலும் மேயரை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்; சென்னையில் மு.க. ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். 2006-இல் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தல் வந்தது. 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல். அதன் பிறகு சட்டம் இப்படியும் அப்படியுமாக மாறி, 2019 நவம்பரில் கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டத்தால் மறுபடியும் மறைமுகத் தேர்தலே நிலைத்தது. ஆளுங்கட்சி எதுவாக இருந்தாலும், அந்த நேரத்தில் தனக்கு எது வசதியோ அதையே சட்டமாக்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மறைமுகத் தேர்தல் எப்படி நடக்கும் என்பதைக் கடலூர் மாவட்டம் 2022 மார்ச் 4 அன்று கண்கூடாகப் பார்த்தது. கடலூர் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. திமுகவின் அதிகாரப்பூர்வ வேட்பாளராக சுந்தரி ராஜா அறிவிக்கப்பட்ட பிறகும், அதே கட்சியைச் சேர்ந்த இன்னோர் உறுப்பினர் போட்டியிட்டார். வாக்கெடுப்பில் சுந்தரி ராஜா வென்று மாநகராட்சியின் முதல் மேயரானார். துணை மேயர் பதவி கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்குப் போயிற்று. அதே நாளில் பக்கத்திலுள்ள நெல்லிக்குப்பம் நகராட்சியில், கூட்டணிப் பேச்சில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு விடப்பட்ட தலைவர் பதவியை திமுக உறுப்பினர் ஒருவர் போட்டியிட்டுக் கைப்பற்றினார். மாநிலம் முழுவதும் இப்படிப் பல இடங்களில் நடந்ததால், கூட்டணிக் கட்சிகளின் இடங்களைப் பிடித்தவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சரே அன்றைக்கு அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

நேரடித் தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் கருதவில்லை. நேரடியாக வென்ற மேயரின் கட்சிக்கு மன்றத்தில் பெரும்பான்மை இல்லாவிட்டால், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் இழுபறிதான். மறைமுகத் தேர்தலின் குறை வேறு வகையானது. வாக்குப்பதிவுக்கும் மேயர் தேர்தலுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு வாரத்தில் உறுப்பினர்களை விடுதியில் தங்கவைத்துக் 'கவனித்துக்கொள்ளும்' வழக்கம் ஊருக்கே தெரியும். மேயராக வருகிறவர் தமக்கு வாக்களித்த சில உறுப்பினர்களுக்குக் கடன்பட்டவராகத் தொடங்குகிறாரே தவிர, ஊருக்குக் கடன்பட்டவராகத் தொடங்குவதில்லை.

கட்சிக் கட்டளையை மீறி வாக்களிக்கும் கவுன்சிலரின் பதவி பறிபோகாதா?

போகாது. கட்சித் தாவல் தடைக்கான, அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மட்டுமே பொருந்தும். கட்சி அவரை நீக்கலாம். வார்டு அவரிடமே இருக்கும்.

மாமன்றத்தில் ஒரு கவுன்சிலரால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

வாக்காளர்கள் கவுன்சிலரை மதிப்பிடுவது பெரும்பாலும் தெருவில்தான்: விளக்கு எரிகிறதா, குப்பை வண்டி வருகிறதா, பாதாள சாக்கடை பொங்கும்போது போனை எடுக்கிறாரா. இவை அனைத்தும் முக்கியமே. ஆனால் இவற்றைச் செய்ய அவருக்குச் சட்டத்தில் தனி அதிகாரம் எதுவும் இல்லை. ஊழியர்களுக்கு ஆணையிடுவது ஆணையர்தான். கவுன்சிலருக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம் மன்றக் கூட்டத்துக்குள் இருக்கிறது.

கூட்டத்துக்கு முன்பாக உறுப்பினர்களுக்கு அஜெண்டா அனுப்பப்படும். அதில் ஒவ்வொரு பொருளும் எண்ணிடப்பட்டு, 'மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது' என்று முடியும். சாலை மதிப்பீடு, கடை வாடகை ஏலம், தூய்மைப் பணி ஒப்பந்த நீட்டிப்பு, மோட்டார் பழுதுச் செலவு எல்லாம் அடுத்தடுத்து வரும். இவற்றுள் நிதானமாகப் படிக்க வேண்டியவை, அவசரம் கருதி மேயரின் முன் அனுமதியோடு ஏற்கெனவே செய்து முடிக்கப்பட்டு, இப்போது 'பின்னேற்பு' கேட்டு வருகிற பொருள்கள். பணம் செலவாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது என்று கோப்பு சொல்லும். வேலை எந்தத் தெருவில் நடந்தது, அளவுப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது, ஏன் டெண்டர் விடப்படவில்லை என்று கேட்க உறுப்பினருக்கு முழு உரிமை உண்டு. ஒரு பொருளை ஒத்திவைக்கச் சொல்லலாம். எதிர்ப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லலாம். பதிவான எதிர்ப்பு பிற்பாடு தணிக்கையின் போதும் நீதிமன்றத்திலும் பயன்படும். பதியாமல் போட்ட கூச்சல் மறுநாள் செய்தித்தாளோடு முடிந்துவிடும்.

நடைமுறையில் பல ஊர் மன்றங்களில் நடப்பது என்ன? ஐம்பது, அறுபது பொருள்கள் கொண்ட அஜெண்டா, முதல் அரை மணி நேரம் தலைவர்களுக்குப் பாராட்டுத் தீர்மானம், பிறகு வார்டுக் குறைகள் குறித்துக் காரசாரமான பேச்சு, அதன் நடுவே ஒரு வெளிநடப்பு, முடிவில் 'ஆல் பாஸ்'. வெளிநடப்பு செய்கிறவர்கள் தங்கள் கோபத்தைக் காட்டிவிட்டதாக நினைக்கிறார்கள். வாக்கெடுப்பில் எதிர்ப்பே பதிவாகாமல் பொருள் நிறைவேறிவிடுகிறது. ஆகவே உங்கள் கவுன்சிலரைச் சந்திக்கும்போது தெருவிளக்கோடு சேர்த்து, கடந்த கூட்டத்தின் அஜெண்டாவில் நம் வார்டுக்கு என்ன வந்தது, எந்தப் பொருளுக்கு எதிராகப் பேசினீர்கள் என்றும் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அவர் அஜெண்டாவைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போக அது ஒரு காரணமாகும்.

ஆணையர் பெரியவரா, மேயர் பெரியவரா?

கூட்டத்துக்குத் தலைமை மேயர். நிர்வாகத்துக்குத் தலைமை ஆணையர். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. மன்றத் தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கருதினால் அதை நிறுத்திவைக்கும் அதிகாரமும் அரசிடமே இருக்கிறது. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-வது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பொருள்களைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. 'ஒப்படைக்கலாம்' என்பதே அதன் தொனி. எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் மனசைப் பொறுத்தது.

ஏரியா சபை என்று ஒன்று உண்டாமே?

உண்டு. கிராம சபையைப் போல நகரங்களிலும் மக்கள் நேரடியாகப் பேசுவதற்காக, வார்டுக் குழு மற்றும் ஏரியா சபைக்கான விதிகளைத் தமிழக அரசு 2022-இல் வெளியிட்டது. வார்டுக் குழுவுக்கு அந்த வார்டின் கவுன்சிலரே தலைவர். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாள்களில் ஏரியா சபை கூட வேண்டும். எங்கே கூடுகிறது என்று முன்கூட்டி அறிவிக்கவில்லை என்பதுதான் எல்லா ஊரிலும் கேட்கும் புகார். நாள்கள் முன்பே தெரிந்தவை என்பதால், ஒரு வாரம் முன்னதாக மாநகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இடத்தைக் கேட்டுவிடலாம்.

புதுச்சேரியில் ஏன் தேர்தலே நடப்பதில்லை?

இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்களின் வழியாக ஒரு விடையும், அரசியல் வழியாக இன்னொரு விடையும் உண்டு.

முதலில் நிகழ்ந்தவை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல்தான். நடுவில் 38 ஆண்டுகள். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. ஐந்து ஆண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243-யு பிரிவு சொல்கிறது. ஒன்றியப் பகுதிகளுக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். இருந்தும் நடக்கவில்லை. வார்டு மறுவரையறை, மாநிலத் தேர்தல் ஆணையர் நியமனத்தில் அன்றைய அரசுக்கும் துணைநிலை ஆளுநருக்கும் இடையே நடந்த மோதல் என்று ஆண்டுகள் ஓடின. ஒருவழியாக 2021 செப்டம்பரில், அக்டோபர் மாதம் மூன்று கட்டங்களாகத் தேர்தல் என்று அட்டவணை வெளியானது. வார்டு ஒதுக்கீட்டுக் குளறுபடிகளை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் வந்ததால் அது திரும்பப் பெறப்பட்டது. புதிய அட்டவணையும் நிற்கவில்லை.

சிக்கலின் மையம் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீடு. உள்ளாட்சிகளில் அந்த ஒதுக்கீட்டைத் தர வேண்டுமானால், அதற்கென ஓர் ஆணையம் அமைத்து, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் உரிய தரவுகளைத் திரட்டி விகிதத்தை முடிவு செய்து, பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஒதுக்கீட்டோடு சேர்த்து 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2021 மார்ச்சில் ஒரு மகாராஷ்டிர வழக்கில் வரையறுத்தது. புதுச்சேரியும் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி சசிதரன் தலைமையில் ஒரு நபர் ஆணையத்தை அமைத்தது. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் எழாததற்குக் காரணம், அங்கே உள்ளாட்சி இடங்களில் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு மட்டுமே ஒதுக்கீடு இருக்கிறது.

இனி அரசியல் விடை. புதுச்சேரிச் சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்கள் 30 பேர். ஒரு தொகுதியில் சராசரியாக முப்பதாயிரத்தை ஒட்டிய வாக்காளர்களே இருக்கிறார்கள். கடலூர்ச் சட்டமன்றத் தொகுதியில் இரண்டு லட்சத்துக்கு மேல். ஆக, புதுச்சேரி எம்எல்ஏ என்பவர் ஏழெட்டு வார்டுகளின் கவுன்சிலர் செய்யக்கூடிய வேலையைத் தாமே செய்துகொண்டிருப்பவர். ஓய்வூதியப் பரிந்துரை, தெருவுக்குச் சிமென்ட், வாய்க்கால் தூர்வாருதல் அனைத்தும் அவர் வீட்டு வாசலில்தான் நடக்கின்றன. தம் தொகுதிக்குள் ஏழெட்டுப் புதிய தலைவர்கள் முளைப்பதை அவர் ஏன் விரும்பப் போகிறார்? எந்தக் கட்சி ஆண்டாலும் தேர்தலுக்கு அவசரம் காட்டாததன் காரணம் இதுவே என்பது நமது கணிப்பு. நீதிமன்றத் தடைகள் உண்மையானவைதான். அவற்றை விலக்க யாரும் மூச்சிறைக்க ஓடவில்லை என்பதும் உண்மை.

எம்எல்ஏவே எல்லாம் செய்கிறார் என்றால் கவுன்சிலர் எதற்கு?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரின் ஆற்றோரப் பகுதிகளையும் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களையும் ஒருசேர மூழ்கடித்தது. வெள்ளம் எல்லை பார்க்கவில்லை. ஆனால் எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் என்பதை அறிந்த, அந்தத் தெருவுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர், ஆற்றின் இந்தப் பக்கம் தேர்தல் மூலம் வந்தவராக இருந்தார். அந்தப் பக்கம் எம்எல்ஏவும் நகராட்சி, கொம்யூன் (புதுச்சேரியின் ஊரகப் பகுதி உள்ளாட்சி) ஆணையர்களும் மட்டுமே. கடலூர்க் கவுன்சிலர்கள் எல்லோரும் அன்று இடுப்பளவு நீரில் நின்றார்கள் என்று சொல்லவரவில்லை. வராதவரை அடுத்த தேர்தலில் கேட்கும் வாய்ப்பு கடலூர்க்காரருக்கு இருக்கிறது.

இன்னொரு காரணம் வரவு செலவு. எம்எல்ஏ நகராட்சியின் பட்ஜெட்டில் வாக்களிப்பதில்லை. புதுச்சேரியில் மன்றம் இல்லாததால், கடை ஏலமும் கட்டண உயர்வும் குப்பை ஒப்பந்தமும் அதிகாரிகளின் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன.

புதுச்சேரியில் முன்பு மேயர்கள் இருந்தார்கள் என்கிறார்களே?

இருந்தார்கள். 1880 மார்ச் 12 தேதியிட்ட பிரெஞ்சு ஆணையின்படி கொம்யூன்கள் உருவாக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் வந்தனர். இந்தியாவோடு இணைவதா என்று முடிவு செய்ய 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தபோது வாக்களித்தவர்கள், பிரதிநிதிகள் சபையினரும் நகர்மன்ற உறுப்பினர்களுமாகச் சேர்ந்த 178 பேர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். ஒரு நாட்டோடு சேர்வதைத் தீர்மானித்த நகர்மன்றங்கள் இருந்த ஊரில் இன்று குப்பைத் தொட்டி எங்கே வைப்பது என்று தீர்மானிக்க மன்றம் இல்லை. 1973-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததோடு மேயர் பதவியும் போயிற்று. இன்றைய சட்டப்படி இருக்க வேண்டியவர் நகராட்சித் தலைவர்.

கடற்கரைச் சாலையில் உள்ள மேரி கட்டடம்தான் அந்தக் கால மேயர் அலுவலகம். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் பழைய அமைப்பிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது.

லாஸ்பேட்டையில் குடியிருக்கிறேன். என் வீடு எந்த நகராட்சி?

உழவர்கரை நகராட்சி. ரெட்டியார்பாளையம், தட்டாஞ்சாவடி, கோரிமேடு ஆகியவையும் அதில்தான் வரும். 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி நகராட்சியைவிட (2,44,377 பேர்) உழவர்கரைதான் (3,00,104 பேர்) பெரியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குடிநீருக்கு இரண்டு நகராட்சிகளிடமும் போகாதீர்கள். புதுச்சேரியில் அது பொதுப்பணித் துறையின் வேலை. கடலூரில் குடிநீர் மாநகராட்சியின் பொறுப்பு.

சுற்றியுள்ள ஊராட்சிகளைக் கடலூரோடு சேர்ப்பதை மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்?

நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. மாநகராட்சிக்குள் வந்த மறுநாளே அந்த வருமானம் நிற்கும், வரி கூடும். பாதாள சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வர எத்தனை ஆண்டாகும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஊராட்சித் தலைவர்களின் பதவி ஆசைதான் எதிர்ப்புக்குக் காரணம் என்பது அரைகுறையான விளக்கம்.

யார் போட்டியிடலாம்? கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா?

21 வயது நிரம்பி, அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போட்டியிடலாம். 2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்குக் கட்டுத்தொகை 4,000 ரூபாய்; பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. சம்பளம் கிடையாது, 2023 ஜூலை முதல் மாத மதிப்பூதியமாக மேயருக்கு 30,000, துணை மேயருக்கு 15,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாய் தரப்படுகிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016-இல் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வென்ற பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் கணவர் நின்று கோப்பு பார்க்கும் காட்சி இன்னும் மறையவில்லை என்றாலும், இரண்டாம் ஆண்டிலேயே அஜெண்டாவைத் தாமே படித்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பெண் உறுப்பினர்களும் பல மன்றங்களில் இருக்கிறார்கள்.

கடலூரில் அடுத்த தேர்தல் எப்போது? இப்போதே செய்ய வேண்டியது என்ன?

2022 மார்ச் 2 அன்று உறுப்பினர்கள் பதவியேற்றார்கள். ஆகவே மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிய வேண்டும். முடியும் முன்பே தேர்தல் நடந்துவிடும் என்று உறுதியாக நம்புவதற்கில்லை. 2016 அக்டோபரில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினார்கள். அந்த இடைவெளியில் மத்திய நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் வார்டு வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து முதுநகருக்கு வீடு மாறியவர், ஒரே தொகுதிதானே என்று பெயரை மாற்றாமல் விட்டுவிட்டால், சட்டமன்றத் தேர்தலில் பெரிய நட்டம் இருக்காது. பழைய வாக்குச்சாவடிக்குப் போய் வாக்களித்துவிடுவார். மாநகராட்சித் தேர்தலிலோ அவர் வாக்கு பழைய வார்டில் கிடக்கும், குடியிருக்கும் தெருவுக்கு அவரால் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க முடியாது. முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ இணையத்திலோ இப்போதே கொடுத்துவிடலாம். வரைவுப் பட்டியல் வெளியாகும்போது பெயரோடு வார்டு எண்ணையும் சரிபாருங்கள். ஒரே வீட்டில் கணவர் ஒரு வார்டிலும் மனைவி இன்னொரு வார்டிலும் பதிவாவது வார்டு எல்லைத் தெருக்களில் புதிதன்று.